மன்னனுக்கு அறிவுரை கூறுவார் யார்?

முடியாட்சி என்றதும் நம் நினைவில் எழுவன மூவேந்தரின் குடையும் கொடியும் முரசுமே. சங்கப் புலவர்கள் மன்னனை இவ்வுலகின் உயிராகவே கண்டனர். ஆயின், அரசியலை வகுத்துரைத்த வள்ளுவர் மன்னனின் ஆற்றலை மட்டும் பேசி அமையவில்லை. பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை, தெரிந்து தெளிதல், அமைச்சு என்று அதிகாரம் அதிகாரமாக, மன்னனைச் சூழ்ந்திருந்து அறிவுரை கூறுவாரின் தகுதியையும் நுணுகி ஆராய்ந்தார். ஓர் அரசு எத்தகையது என்று அறிய வேண்டுமாயின், அரியணையில் இருப்பவரைப் பார்ப்பதோடு அவர் செவியருகே நிற்பவரையும் பார்க்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் வாழும் மலேசிய நாட்டின் வரலாற்றை நோக்குவோமாயின், ஒரு பெரிய உண்மை புலப்படும். சென்ற 150 ஆண்டுகளில் இந்நாட்டு மன்னர்களின் நிலை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் இருந்த வினா ஒன்றே: மன்னனுக்கு அறிவுரை கூறும் உரிமை யாருக்கு? மக்களாட்சி ஓங்கி நிற்கும் இந்நாளில் பரம்பரை மன்னர்களுக்கு இடம் உண்டா என்று கேட்பார்க்கும் இவ்வினாவின் வழியாகவே விடை கிடைக்கும்.

பாங்கோரில் பிறந்த சொல்

1874ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள், பேராக் கடற்கரையை அடுத்த பாங்கோரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஆண்ட்ரு கிளார்க் அதனை முன்னின்று முடித்தார். அரியணைக்குப் போட்டியிட்டவர்களுள் இராசா அப்துல்லாவைப் பேராக்கின் சுல்தானாக ஆங்கிலேயர் ஏற்றனர். அதற்கு ஈடாக, ரெசிடெண்ட் என்னும் ஆங்கில அதிகாரி ஒருவரைச் சுல்தான் தம் அவையில் வைத்துக்கொள்ள வேண்டும். மலாய்க்காரரின் சமயமும் வழக்காறும் நீங்கலாக ஏனை எல்லாப் பொருள்களிலும் அவருடைய அறிவுரையைக் கேட்டு, கேட்டவாறே நடக்கவும் வேண்டும்.

இங்கே 'அறிவுரை' என்ற சொல் எவ்வாறு பொருள் திரிந்தது என்பதை நோக்குக. கேட்பதும் தள்ளுவதும் கேட்பவர் விருப்பம் என்றால்தான் அது அறிவுரை. கேட்டே ஆக வேண்டும், நடந்தே ஆக வேண்டும் என்றால் அதன் பெயர் கட்டளை. கட்டளைக்கு அறிவுரை என்று பெயர் சூட்டி, ஆளும் பெயரைச் சுல்தானிடமும் ஆளும் செயலைத் தம்மிடமும் வைத்துக்கொண்டனர் ஆங்கிலேயர். முதல் ரெசிடெண்டாக வந்த பர்ச் இந்த நுட்பத்தைக்கூட மறைக்கவில்லை. வரி வாங்கும் உரிமையை மலாய்ப் பெருமக்களிடமிருந்து பறிக்க முற்பட்டார். 1875ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். அக்கொலைக்கு உடந்தை என்று குற்றம் சாட்டி, சுல்தான் அப்துல்லாவை இந்துமாக் கடலில் உள்ள சீசெல்சுத் தீவுகளுக்கு 1877இல் நாடு கடத்தினர்.

பின்னர் வந்த அதிகாரிகள் பர்ச்சின் முடிவைக் கண்டு பாடம் கற்றனர். 1877 முதல் பேராக்கில் பணியாற்றிய ஹியூ லோ, மலாய்த் தலைவர்களையும் அவையில் அமர்த்தி அவர்களைக் கலந்து நடந்தார். முறை மென்மையாயிற்று, எனினும் முடிவு எடுக்கும் இடம் மாறவில்லை.

பகாங்கின் கதை

நம் கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆதலின் பகாங்கின் கதையைச் சற்று விரித்துக் காண்போம். 1857 முதல் 1863 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வென்றவர் வான் அகமது. அவரே பின்னர்ச் சுல்தான் என்னும் பட்டம் சூடினார். ஆங்கிலேயர் 1887இல் ஹியூ கிளிப்பர்டு என்னும் இளைஞரை அவரிடம் தம் முகவராக அனுப்பினர். மறு ஆண்டு தலைநகர் பெக்கானில் ஆங்கிலக் குடிமகனாகிய சீனர் ஒருவர் கொல்லப்பட்டார். அதனையே காரணமாகக் காட்டி, சுல்தான் ஒரு ரெசிடெண்டை ஏற்க வேண்டுமென வற்புறுத்தினர். 1888இல் ராட்ஜர் என்பவர் அப்பதவியில் அமர்ந்தார்.

வரி வாங்கும் உரிமையையும் பரம்பரைச் சிறப்பையும் இழந்த பகாங் பெருமக்கள் கொதித்தனர். 1891ஆம் ஆண்டின் இறுதியில் செமந்தான் தலைவர் டத்தோ பகாமான் கிளர்ந்தெழுந்தார். தோக் காஜாவும் அவர் மகன் மாட் கிலாவும் அவரோடு சேர்ந்தனர். 1895 வரை அப்போராட்டம் நீடித்தது. இதில் சுல்தான் அகமதுவின் நிலை இரங்கத்தக்கது. தம் பெருமக்கள் தம் நாட்டின் உரிமைக்காகவே எழுந்தும், அவர்களுக்கு எதிராகவே அவர் வெளிப்படையாக நிற்க வேண்டியதாயிற்று. அறிவுரை அயலாரிடமிருந்து வந்தால் மன்னன் தன் மக்களுக்கே அயலானாகிவிடுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரு கூட்டரசாக இணைக்கப்பட்டன. கோலாலம்பூரில் தலைமை ரெசிடெண்ட் ஒருவர் அமர்ந்தார். சுல்தான்கள் ஒன்றுகூடும் தர்பார் 1897இல் கோலக்கங்சாரில் நடந்தது. அடுத்தது 1903இல் கோலாலம்பூரில் கூடியது. அக்கூட்டத்தில், மாநிலங்களின் உரிமைகள் யாவும் தலைநகரில் போய்க் குவிவதைப் பேராக்கின் சுல்தான் இட்ரிஸ் வெளிப்படையாகவே குறைகூறினார். தர்பாரை ஆங்கிலேயர் அணிவகுப்பாக எண்ணினர். மன்னர்களோ ஒருவரையொருவர் கண்டு பேசும் வாய்ப்பாக அதனைப் பயன்படுத்தினர். பிற்காலத்து ஆட்சியாளர் மன்றத்தின் வித்து அங்கேயே விழுந்தது.

ஒரே தீவில் மூன்று மணிமுடிகள்

இவ்விடத்தில் ஆப்பிரிக்காவை நோக்கி நம் பார்வையைத் திருப்புதல் பொருந்தும். ஏனெனில், பேராக் சுல்தானை ஏற்றுக்கொண்ட அதே சீசெல்சு, ஆப்பிரிக்க மன்னர்களுக்கும் சிறையாயிற்று. இன்றைய உகாண்டாவில் உள்ள புகாண்டா நாட்டின் மன்னரைக் கபாக்கா என்பர். கபாக்கா முவாங்கா 1899இல் பிடிபட்டுச் சீசெல்சுக்கு அனுப்பப்பட்டார். 1903இல் அங்கேயே மாண்டார். இன்றைய கானாவில் உள்ள அசாந்தி நாட்டின் மன்னர் முதலாம் பிரெம்பே 1896இல் சிறைப்பட்டு, 1900இல் அதே தீவுகளைச் சேர்ந்தார். அவ்வாண்டில் அசாந்தியின் பொன்னிருக்கையை ஆங்கில ஆளுநர் கேட்க, அதனைத் தர மறுத்துப் போருக்கெழுந்த யா அசாந்தேவா என்னும் மூதாட்டியும் அங்கேயே கொண்டுசெல்லப்பட்டார். மண் திரும்பாமலே 1921இல் மறைந்தார். பிரெம்பே மட்டும் 1924இல் நாடு திரும்பினார். சுல்தான் அப்துல்லாவும் நெடுங்காலம் கழித்து மலாயாவுக்கு மீண்டு 1922இல் மறைந்தார்.

தமிழர்க்கும் இத்தகைய கதை புதிதன்று. கண்டியின் கடைசி மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் 1815இல் முடியிழந்து வேலூர்க் கோட்டையில் சிறையிருந்தான். அவனோடு அந்த அரசே முடிந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் அரசு ஆங்கிலேயர் காலம் முழுவதும் நிலைத்திருந்து, 1948இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. இந்திய மன்னர்களுக்கு எஞ்சியிருந்த மானியமும் பட்டச் சிறப்பும் 1971ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் நீங்கின.

புகாண்டாவிலும் பேராக்கிலும் மன்னரை அகற்றியவர்கள் அரியணையை அகற்றவில்லை. அரியணை வேண்டும், ஆனால் அதில் இருப்பவர் சொன்னதைக் கேட்பவராக இருக்க வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. மக்கள் மன்னன் சொல்லுக்கே கீழ்ப்படிவர் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

மக்கள் மீட்ட மணிமுடி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஆங்கிலேயர் இக்கொள்கையையும் கைவிடத் துணிந்தனர். 1945ஆம் ஆண்டின் இறுதியில் ஹெரால்டு மக்மைக்கேல் மாநிலம் மாநிலமாகச் சென்று சுல்தான்களிடம் கையொப்பம் பெற்றார். கையொப்பமிட மறுப்பவர் பதவியிழக்கக் கூடும் என்னும் அச்சம் அதன் பின்னணியில் இருந்தது. அதன்படி இறைமை முழுவதும் ஆங்கில முடிக்குச் சென்றது. சமயமும் வழக்காறும் மட்டுமே சுல்தான்களிடம் எஞ்சின. 1946 ஏப்பிரல் முதல் நாள் மலாயா ஒன்றியம் பிறந்தது.

மலாய் மக்கள் இதனைப் பொறுக்கவில்லை. சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றித் துயரம் காத்தனர். ஆளுநரின் பதவியேற்புக்குச் செல்லவென்று சுல்தான்கள் கோலாலம்பூர் வந்து தங்கியிருந்தனர். டத்தோ ஒன் சாபார் முதலிய தலைவர்கள் அவர்களைக் கண்டு, செல்லலாகாது என்று வேண்டினர். தங்கும் விடுதிக்கு வெளியே மக்கள் திரண்டு நின்றனர். சுல்தான்கள் செல்லவில்லை. ஆளுநருக்கெனப் போடப்பட்ட விழாவில் அவர்தம் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன.

அந்நாளின் பொருளை மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். 1874க்குப் பின் முதன்முறையாக, மலாய் மன்னர்கள் ஆங்கில அதிகாரியின் அறிவுரையை விடுத்துத் தம் மக்களின் அறிவுரையைக் கேட்டனர். முடியை மக்கள் மீட்டனர். மீட்டபோதே, இனி அம்முடி யார் சொல் கேட்கும் என்பதையும் காட்டிவிட்டனர். அவ்வாண்டு மே 11ஆம் நாள் அம்னோ பிறந்தது. 1948 பிப்ரவரி முதல் நாள் ஒன்றியம் மறைந்து மலாயாக் கூட்டரசு தோன்றியது. சுல்தான்களின் இறைமை மீண்டது. ஆட்சியாளர் மன்றமும் முறைப்படி அமைந்தது.

ஆனால் வரலாற்றை ஒரு பக்கமாகச் சொல்லுதல் ஆசிரியர்க்கு அழகன்று. மலாயா ஒன்றியத் திட்டம் இந்தியர்க்கும் சீனர்க்கும் குடியுரிமையை எளிதாக்க முற்பட்டது. கூட்டரசு வந்தபோது அவ்வாயில் குறுகியது. தோட்டத்துத் தமிழரோ, சயாம் மரண இரயில் பாதையில் உறவினரை இழந்து, பசியும் பிணியும் மீதூர நின்ற காலம் அது. குடியுரிமையின் அருமையை எடுத்துரைத்து அவர்களைத் திரட்டுவார் குறைவு. மலாய் மக்கள் தம் மன்னர்க்கு அறிவுரை கூறிய அந்நாளில், தோட்டத்தில் நம்மவர்க்கு மன்னனும் சட்டமும் துரையாகவே இருந்தார். கங்காணிக்கு மேல் கிராணி, கிராணிக்கு மேல் துரை. துரைக்கு மேல் ஒரு சுல்தான் உண்டு, அம்மண் அவருடைய மாநிலத்து மண் என்பது பலருக்கும் தெரியாது.

சுழலும் மணிமுடி

விடுதலை நெருங்கியபோது அரசியலமைப்பை வகுக்க ரீட் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மக்கெல், இந்தியாவின் நீதிபதி மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் அதன் உறுப்பினர். ஒன்பது மன்னர்களைக் கொண்ட நாட்டிற்கு ஒரே தலைவர் வேண்டும். அவர் யார்? இதற்குக் கண்ட விடை உலகில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. ஒன்பது ஆட்சியாளரும் தம்முள் ஒருவரை ஐந்தாண்டுக்குப் பேரரசராகத் தேர்ந்தெடுப்பர்.

தேர்தல் முறையும் அறியத்தக்கது. முறைவரிசையில் முதலில் நிற்பவரின் பெயர் ஒன்றே வாக்குச் சீட்டில் இருக்கும். அவர் இப்பொறுப்புக்கு ஏற்றவரா என்பதை ஒவ்வோர் ஆட்சியாளரும் மறைவாகக் குறிப்பர். ஐந்து வாக்கேனும் பெறுதல் வேண்டும். முடிந்தபின் சீட்டுகள் அழிக்கப்படும். மன்னர் இல்லாத பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநிலங்களின் ஆளுநர்களுக்கு இத்தேர்தலில் பங்கில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைக் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது சுவையூட்டும். அங்கே பேரரசன் ஒருவனின் கீழ் ஊரார் தம் அவையைச் சீட்டால் அமைத்தனர்; இங்கே மன்னர்களே பேரரசரைச் சீட்டால் தேர்கின்றனர்.

மலாய் மரபுக்கும் மன்னரைத் தேர்ந்தெடுத்தல் புதிதன்று. நெகிரி செம்பிலானில் சுங்கை ஊஜோங், செலெபு, சோகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் தலைவர்களாகிய உண்டாங்குகளே அரச குடும்பத்தினின்றும் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பர். மினாங்கபாவிலிருந்து 1773இல் வந்த இராசா மெலேவார் முதல் இவ்வழக்கு தொடர்கிறது. அந்த மாநிலத்தின் துவாங்கு அப்துல் ரகுமானே 1957 ஆகத்து 3ஆம் நாள் முதல் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று தொட்டுச் சுற்று ஒருமுறை நிறைவெய்தி, 1994இல் மீண்டும் நெகிரி செம்பிலானிலிருந்தே தொடங்கியது.

இச்சுழற்சியின் நலம் யாது? எந்த ஓர் அரச குடும்பமும் நாட்டைத் தன் உடைமையாக எண்ண இயலாது. முடி நிலைக்கும், முடி சூடுபவர் மாறுவர். பரம்பரை உரிமையும் கால வரம்பும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் அமைப்பு இது.

சொல் ஒன்று, பொருள் வேறு

1957ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தைப் படிப்பார்க்கு ஒரு பழைய சொல் எதிர்ப்படும். 40ஆம் விதியின்படி பேரரசர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடத்தல் வேண்டும். பாங்கோரில் கேட்ட அதே சொல்! அன்றும் மன்னர் அறிவுரைக்குக் கட்டுப்பட்டார், இன்றும் கட்டுப்படுகிறார். அன்று அறிவுரை கூறியவர் இலண்டனுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி. இன்று கூறுபவரோ, வாக்களித்த மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட அமைச்சர். 83 ஆண்டுகளில் நிகழ்ந்த பெரும் புரட்சி இதுவே. சொல் மாறவில்லை, சொல்பவர் மாறினார்.

சிலவற்றில் மட்டும் பேரரசர் தம் உளத்தின்படி முடிவு செய்யலாம். பிரதமரை அமர்த்துதல் ஒன்று. நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு பிரதமர் வேண்டும்போது இசைவு மறுத்தல் மற்றொன்று. ஆட்சியாளரின் உரிமைகள் பற்றியே பேச ஆட்சியாளர் மன்றத்தைக் கூட்டுதல் வேறொன்று. பிரதமரை அமர்த்துவதிலும், மக்களவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தமக்குத் தோன்றுபவரையே அமர்த்தல் வேண்டும்.

இந்த எல்லைக்கோடு பூசலின்றி வரையப்பட்டதன்று. சட்டமுன்வரைவுகளுக்குப் பேரரசரின் இசைவு தேவையா என்பது பற்றி 1983இல் அரசுக்கும் ஆட்சியாளருக்குமிடையே பெரும் பிணக்கு மூண்டது. 1994ஆம் ஆண்டின் திருத்தத்தால், 30 நாளுக்குள் இசைவு வாராவிடினும் முன்வரைவு சட்டமாகும் என்னும் நிலை உறுதியாயிற்று. அதற்கு முந்திய 1993இல், வழக்கு மன்றத்துக்கு அப்பாற்பட்டவராக மன்னர் இருந்த நிலை நீங்கியது. ஆட்சியாளர்மேல் வரும் வழக்குகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் ஒன்று ஏற்பட்டது. மன்னர்க்கு இவை இழப்பாகத் தோன்றலாம். ஆயினும், சட்டத்துக்குள் நிற்கும் முடியை எவரும் வெறுக்கக் காரணமில்லை. கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைப் போற்றும் நமக்கு, மன்னன் வீட்டுக்கும் நீதி உண்டு என்பதை விளக்கத் தேவையில்லை.

அறிவுரை கூறுவார் யாரெனத் தெரியாத நாள்

தேர்தலில் ஒரு கட்சி தெளிவாக வென்றால் பேரரசரின் பணி எளிது. யாருக்கும் பெரும்பான்மை இல்லையெனில் என் செய்வது? அறிவுரை கேட்க வேண்டியவர் ஆயத்தமாக இருக்கிறார். கூற வேண்டியவர் யாரென்று தெரியவில்லை. அப்போது அவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மன்னர்மேல் விழுகிறது.

2009இல் பேராக்கில் இந்நிலை ஏற்பட்டது. 59 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் மூவர் ஆளுங்கூட்டணியை விட்டு விலகினர். சட்டமன்றத்தைக் கலைத்து மக்களிடம் செல்ல வேண்டுமென மந்திரி புசார் வேண்டினார். சுல்தான் அசுலான் சா அதற்கு இசையவில்லை. வேறொருவரை மந்திரி புசாராக அமர்த்தினார். அவர் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சட்டத்தில் வரம்பற்ற அதிகாரம் என்று ஒன்றில்லை என 1979இல் புகழ்பெற்ற தீர்ப்பு வழங்கியவரும் அவரே. 2010இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் செயல் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. எனினும், மக்களிடமே விட்டிருக்கலாம் என்று வருந்தியோர் பலர். சட்டத்துக்கு உட்பட்டதாகவும், அதே வேளையில் மக்கள் மனத்தில் வினா எழுப்புவதாகவும் ஒரு முடிவு இருக்கக் கூடும் என்பதற்கு அது சான்று.

பத்தாண்டு கழித்து அதே சோதனை நாடு முழுமைக்கும் வந்தது. அப்போது பேரரசராக இருந்தவர் நம் பகாங்கின் சுல்தான் அப்துல்லா. 2019 சனவரித் திங்களிலேயே மாநில ஆட்சியையும் பேரரசர் பதவியையும் அடுத்தடுத்து ஏற்றவர் அவர். 2020 பிப்ரவரி 24ஆம் நாள் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். பேரரசர் மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு அழைத்து, இரு நாளாக ஒருவர்பின் ஒருவராகக் கருத்துக் கேட்டார். மார்ச்சு முதல் நாள் முகிதீன் யாசின் பிரதமரானார். ஆயினும் மே 18ஆம் நாள் கூடிய நாடாளுமன்றம் பேரரசரின் உரையோடு கலைந்தது. நம்பிக்கை அவையில் சோதிக்கப்படவில்லை.

அவ்வாண்டு அக்டோபரில் அமைச்சரவை அவசரகாலம் அறிவிக்க வேண்டியது. பேரரசர் ஏனைய ஆட்சியாளரைக் கலந்தபின், அதற்குத் தேவையில்லை என்று அக்டோபர் 25ஆம் நாள் தெரிவித்தார். 2021 சனவரி 12ஆம் நாள் கொள்ளைநோயின் பொருட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அமைச்சரவையின் வேண்டுகோளைப் பேரரசர் மறுக்கலாமா என்பதில் சட்ட அறிஞர்கள் இருவேறு கருத்துக் கொண்டிருந்தனர். அறிவுரைக்குக் கட்டுப்படுதல் முழுமையானது என்றனர் ஒரு சாரார். அவசரகாலம் வந்ததெனப் பேரரசரின் உள்ளம் நிறைவடைதல் வேண்டும் என்று சட்டமே கூறுகிறதே என்றனர் மற்றொரு சாரார். இவ்வினா இன்னும் முற்றும் தீர்ந்ததன்று.

2021 ஆகத்தில் இஸ்மாயில் சப்ரி பிரதமரானார். 2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்த பொதுத் தேர்தலில், 222 இடங்களுள் 112ஐ எக்கூட்டணியும் பெறவில்லை. பகாங் சட்டமன்றத்திலும் அதே நிலை. தலைவர்களை அழைத்துப் பேசியும், ஆட்சியாளர்களைக் கலந்தும், பேரரசர் 24ஆம் நாள் அன்வார் இப்ராகிமைப் பிரதமராக்கினார். இம்முறை டிசம்பர் 19ஆம் நாள் மக்களவை கூடியதும் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. மன்னர் கண்டுபிடித்தவரை மக்களின் அவை ஒப்புக்கொண்டது. முறை இதுவே. கண்டுபிடிப்பது அரண்மனை, மெய்ப்பிப்பது மக்களவை. முன்னது மட்டும் நடந்து பின்னது நடவாவிடில் ஐயம் எஞ்சி நிற்கும்.

ஆப்பிரிக்க முடிகள் இன்று

சீசெல்சில் முன்பு சிறையிருந்தோரின் வழிவந்த மன்னர்கள் இன்று என்ன செய்கின்றனர்? புகாண்டாவின் கபாக்கா இரண்டாம் முத்தேசா, விடுதலை பெற்ற உகாண்டாவின் குடியரசுத் தலைவராகவும் 1963இல் அமர்ந்தார். ஒரே தலையில் பரம்பரை முடியும் கட்சி அரசியலும் ஏறின. 1966இல் பிரதமர் ஒபோத்தேயின் படை அரண்மனையைத் தாக்கியது. முத்தேசா தப்பி இலண்டன் சென்று அங்கேயே 1969இல் மறைந்தார். 1967இல் அரசுகள் ஒழிக்கப்பட்டன. 1993இல் மரபு மன்னர்கள் மீண்டபோது, கட்சி அரசியலில் ஈடுபடலாகாது என்னும் வரம்போடுதான் மீண்டனர்.

கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பும் மரபுத் தலைவர்களின் நிலையைக் காத்து, கட்சி அரசியலை அவர்களுக்கு விலக்கியது. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட விரும்புபவர் இருக்கையைத் துறத்தல் வேண்டும். அசாந்தி மன்னர் ஓசெய் டுட்டு 1999இல் அரியணை ஏறியதும் மாணவர்க்கென ஒரு கல்வி நிதியம் நிறுவினார். வட கானாவின் தக்போன் நாட்டில் 2002இல் மன்னரே கொல்லப்பட்டு நெடும்பகை மூண்டபோது, அதனைத் தீர்க்க அமைந்த மன்னர் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2019இல் அங்குப் புதிய மன்னர் அமர்ந்தார். காவலரும் வழக்குமன்றமும் முடிக்க இயலாததை, எக்கட்சியையும் சாராத மன்னரின் சொல் முடித்தது. சுவாசிலாந்திலோ 1973இல் மன்னர் சோபூசா அரசியலமைப்பையே விலக்கி, முழு அதிகாரத்தையும் தம் கைக்கொண்டார். இன்று எசுவாத்தினி என்று பெயர்பெற்ற அந்நாட்டில், மன்னருக்கும் மக்களுக்குமிடையே 2021இல் குருதி சிந்தியது.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் முடிவு தானே விளங்கும். மன்னர் கட்சித் தலைவராகும் இடத்தில் முடி சாய்கிறது. தம்மினும் மேலான அறிவுரை இல்லையென எண்ணும் இடத்தில் மக்கள் வருந்துகின்றனர். சட்டத்தின் வேலிக்குள் நிற்கும் இடத்தில் மன்னரின் சொல்லுக்கு மதிப்பு ஓங்குகிறது.

தோட்டத்து வகுப்பறையில்

இவையெல்லாம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கலாம். கேமரன் மலையில் 1929இல் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலத்தில் கொழுந்து கிள்ள வந்தவர் பலர் நம் முன்னோர். அவர்கள் கால் பதித்த நிலம் பகாங் மாநிலத்தின் நிலம். இன்றும் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. குடியிருப்புக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் கேட்டு நம்மவர் எழுதும் விண்ணப்பம் எங்கே செல்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

குடியுரிமை இதனினும் பெரிது. விடுதலையின்போது, விண்ணப்பம் செய்து உறுதிமொழி கூறிய தோட்டத்தார் குடிமக்களாயினர். காகிதத்தின் அருமை தெரியாமல் இருந்துவிட்டோர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாதார் வேலை செய்யவும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று, பலர் கப்பலேறினர். இன்று அரசியலமைப்பின் குடியுரிமைப் பகுதியைத் திருத்த வேண்டுமாயின், நாடாளுமன்றத்தின் வாக்கோடு ஆட்சியாளர் மன்றத்தின் இசைவும் வேண்டும் என்று 159ஆம் விதி கூறுகிறது. ஆட்சியாளர் மன்றம் என்பது விழாக்கால அணி மட்டும் என்று எண்ணுவார் இதனை நினைவிற் கொள்வாராக.

வாக்குரிமையோ நம்மையே அறிவுரை கூறுவாராக்குகிறது. மன்னருக்கு அறிவுரை கூறும் அமைச்சரை அமைப்பது மக்களவை. அந்த 222 இடங்களுள் கேமரன் மலையும் ஒன்று. 2019இல் இத்தொகுதி மக்கள் ஓராங் அசுலி இனத்தவர் ஒருவரை முதன்முறையாக மக்களவைக்கு அனுப்பினர். எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாத நாளில் ஓர் உறுப்பினரின் சொல்லும் அரண்மனையில் எடை பெற்றது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாக்குச் சாவடிக்குச் சென்றவரின் விரல் அடையாளமும், அந்த வழியே மன்னர் செவியைச் சென்று சேர்ந்தது.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் ஓதும் ருக்குன் நெகாராவில் இரண்டாம் கோட்பாடு பேரரசருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் கேட்கிறது. மூன்றாவது அரசியலமைப்புச் சட்டத்தை உறுதியாகப் பற்றச் சொல்கிறது. நான்காவது சட்டத்தின் ஆட்சியை நிலைநாட்டுகிறது. 1970இல் வகுக்கப்பட்ட இவ்வரிசையை ஆசிரியர்கள் பிரிக்காமல் கற்பித்தல் நன்று. பேரரசர்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்த மாணவன் தேர்வில் வெல்வான். பேரரசர் யார் சொல்லைக் கேட்டு நடக்கிறார், அச்சொல்லைக் கூறுவாரை யார் தேர்ந்தெடுக்கின்றார் என்று உணர்ந்த மாணவனோ குடிமகனாக வளர்வான். அந்த இரண்டாம் பாடத்தை நடத்தும் பொறுப்பு நம்முடையது.